நீளம் 230 வோல்ட் பக்கம் இருக்கட்டும்

பெங்களூரில் வாடகை அறையில் தங்குகிறவர்கள் நீளமான சார்ஜிங் கேபிளை ஆசைக்காக வாங்குவதில்லை. முருகேஷ்பாளையாவிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ ஒரு பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறைக்குள் போய்ப் பாருங்கள். மூன்று கட்டில், கதவுப் பக்கம் ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. அதிலும் ஒரு ப்ளக் பாயிண்டைக் கொசு மெஷின் பிடித்துக்கொண்டிருக்கும். ஜன்னலோரக் கட்டில்காரர் போனைத் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போட வேண்டுமானால் மூன்று மீட்டர் ஒயர் இல்லாமல் முடியாது. அந்த மூன்று மீட்டர் ஒயர் நடைபாதைக் கடையில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் ராத்திரி முழுக்கப் போட்டும் காலையில் அறுபது சதவீதம்தான் காட்டுகிறது. "பேட்டரி போயிடுச்சு போல" என்று அடுத்த மாதம் புது போனுக்கு ஈ.எம்.ஐ. பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஹார்டுவேர் டெஸ்டிங்கில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்: "அண்ணா, கேபிள் நீளமா இருந்தா சார்ஜ் மெதுவா ஏறுமா?" ஏறும். ஆனால் நீளத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. ஒயருக்குள் இருக்கிற செம்பு எவ்வளவு தடிமன், அதற்குள் எத்தனை வோல்ட் போகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீளம் எப்போது கெடுக்கிறது, எப்போது கெடுப்பதில்லை என்று புரியும். கடைக்காரர்கள் இந்த இரண்டையும் பேசுவதே இல்லை. அட்டைப்பெட்டியில் நீளம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

முதலில் செம்புக் கணக்கு. ஒயரின் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூட ஒயர் சன்னமாகும். கேபிள்களில் வருகிற அமெரிக்கக் கேஜ் (AWG) முறையில், எண் மூன்று ஏறினால் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். 28 கேஜ் செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை உண்டு. 24 கேஜ் என்றால் 0.084 ஓம், 20 கேஜ் என்றால் 0.033 ஓம். பார்க்கச் சின்ன எண்களாகத்தான் இருக்கும். ஆனால் கரண்ட் போனுக்குப் போனால் மட்டும் போதாது, அடாப்டருக்குத் திரும்பியும் வர வேண்டும். பாஸிட்டிவ் ஒரு ஒயர், கிரவுண்ட் ஒரு ஒயர். ஆக மூன்று மீட்டர் கேபிளுக்குள் கரண்ட் கடக்கும் தூரம் ஆறு மீட்டர். 28 கேஜில் அது கிட்டத்தட்ட 1.28 ஓம். இந்த ஓமை ஆம்பியரால் பெருக்கினால் ஒயரில் விழும் வோல்ட் கிடைக்கும். பழைய 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் இந்தக் கேபிளைப் போட்டு முழு 2 ஆம்பியரை இழுத்தால் ஒயரிலேயே இரண்டரை வோல்ட் விழுந்துவிடும். அடாப்டர் தருவதே ஐந்துதான்.

அப்படி இழுக்கப் போன் சம்மதிக்காது என்பதுதான் இதில் பலருக்கும் தெரியாத விஷயம். "கேபிள் கரண்டைச் சாப்பிடுது" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் நடப்பது வேறு. போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப், தன் வாசலில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லக் கரண்டைக் கூட்டும். கூட்டக் கூட ஒயரில் விழும் வோல்டேஜும் கூடும், வாசலில் வோல்டேஜ் இறங்கும். ஒரு கோட்டுக்குக் கீழே போகப் பார்த்தால் சிப் அங்கேயே நிறுத்திவிடும். பல போன்களில் அந்தக் கோடு 4.5 வோல்டை ஒட்டி இருக்கும். அடாப்டர் 5.1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒயரில் இழக்க அனுமதி 0.6 வோல்ட்தான். 1.28 ஓமில் 0.6 வோல்ட் விழ 0.47 ஆம்பியர் போதும். சார்ஜ் ஆகும் வேகம் அதோடு முடிந்தது. வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் சுமார் 2 வாட். அடாப்டர் முதுகில் 10 வாட் என்று அச்சடித்திருந்தால் என்ன பயன்?

எங்கள் தெருவில் சாப்பாடு டெலிவரி செய்யும் ஒருவர் இருக்கிறார், திருப்பத்தூர்ப் பக்கம். ராத்திரி ஒரு மணிக்கு வந்து படுத்து, காலை பத்து மணிக்குள் கிளம்புகிறவர். அவருக்கு மேப்பும் ஆர்டரும் கைக்கு வருவது போனில்தான். போன் அணைந்தால் அன்றைய கூலியும் அதோடு போச்சு. அவருடைய கேபிளின் போன் முனையில் ஒரு சின்ன யு.எஸ்.பி. மீட்டரை மாட்டிக் காட்டினேன். விரல் அளவு கருவி அது, வோல்டும் ஆம்பியரும் திரையில் ஓடும். போனைச் செருகியதும் 5.06 காட்டியது, பிறகு 4.9, 4.7 என்று இறங்கி 4.5 பக்கத்தில் நின்றது. ஆம்பியர் 0.45. அதே அடாப்டர், அதே போன், என் பையிலிருந்த ஒரு மீட்டர் கேபிள்: 4.78 வோல்ட், 1.9 ஆம்பியர். வேகம் நான்கு மடங்குக்கு மேல். "அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கா தம்பி?" என்றார். நல்லாத்தான் இருக்கிறது அண்ணா. 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி கொள்ளும். 2 வாட்டில் அதை நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் போனைத் தொடாமல் வைத்திருந்தால். ஒன்பது மணி நேரம்கூட வீட்டில் இல்லாதவருக்கு அது எப்படி நிறையும்? போட்டபடியே வீடியோ பார்த்தால் சதவீதம் அசையவே அசையாது, ஏனென்றால் திரையும் நெட்டும் சேர்ந்து தின்பதே அந்த அளவுக்கு வந்துவிடும்.

இப்போது நீளத்தை அப்படியே வைத்துத் தடிமனை மாற்றிப் பாருங்கள். மூன்று மீட்டரே, ஆனால் 20 கேஜ். ஆறு மீட்டருக்கு 0.2 ஓம்தான். 2 ஆம்பியர் இழுத்தாலும் 0.4 வோல்ட்தான் விழும். போன் முழு வேகத்தில் சார்ஜ் ஆகும். ஒரு மீட்டர் 28 கேஜ் கேபிளின் தடை 0.43 ஓம். அதாவது தடிமனான மூன்று மீட்டர் கேபிள், சன்னமான ஒரு மீட்டர் கேபிளை வேகத்தில் தோற்கடித்துவிடும். "சின்ன கேபிள்தான் வேகம்" என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். செம்பு ஒன்றாக இருந்தால் சின்னதுதான் வேகம், சரி. ஆனால் கடையில் தொங்குகிற கேபிள்களில் செம்பு எங்கே ஒன்றாக இருக்கிறது?

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வைத்து வேலை செய்தவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்துவிடும். போர்டுக்கு வருகிற வோல்டேஜ் 4.63 பக்கம் இறங்கினால் திரை ஓரத்தில் மஞ்சள் மின்னல் குறி வரும். புதுப் பையன்கள் போர்டு கெட்டுப்போச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். போனோடு வந்த பழைய ஒயரை மாற்றினால் மின்னல் போய்விடும். அந்த போர்டுக்கான அதிகாரப்பூர்வ அடாப்டர் 5 வோல்ட் தராமல் 5.1 வோல்ட் தருவதே, ஒயரில் விழப்போவதை முன்கூட்டியே ஈடுகட்டத்தான்.

சரி, வோல்டேஜுக்கு வருவோம். இதைச் சொல்ல பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்கடத்துப் பாதைகளில் ஒன்று அது. அவ்வளவு தூரத்துக்கு எப்படி அனுப்பினார்கள்? வோல்டேஜை முப்பதாயிரத்துக்கு மேல் ஏற்றி அனுப்பினார்கள். ஒரே வாட்டை அனுப்ப, வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் கரண்ட் பாதியாகும். ஒயரில் ஏற்படும் இழப்போ கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது கால் பங்காகும். குறைந்த வோல்டேஜிலேயே அனுப்பப் பார்த்திருந்தால் அத்தனை தூரத்துக்குச் செம்பு வாங்கியே மைசூர் சமஸ்தானம் கடனாளியாகியிருக்கும். அதே சிவசமுத்திரத்து மின்சாரம் 1905-ல் பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கும் வந்தது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் தங்கவயல் பக்கத்து மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறார். அவருடைய தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். அங்கே போய் உழைத்து முடிந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் சுரங்கத்து மெஷின்களை ஓட்டிய கணக்கும் நம் கையிலிருக்கும் டைப்-சி கேபிளின் கணக்கும் ஒன்றுதான் என்று அவரிடம் சொன்னபோது, "இத எங்க ஊர் ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்திருக்கணும் சார்" என்றார். எனக்கும் அந்த எண்ணம்தான்.

பவர் டெலிவரி என்று அடாப்டர்களில் போட்டிருப்பது இந்தக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறது. போனும் அடாப்டரும் ஒயர் வழியே பேசிக்கொண்டு 5 வோல்டிலிருந்து 9, 15, 20 என்று ஏறுகின்றன. 2021-ல் வந்த திருத்தத்தில் 48 வோல்ட் வரை, 240 வாட் வரை இடம் கொடுத்துவிட்டார்கள். 18 வாட்டை 5 வோல்டில் அனுப்ப 3.6 ஆம்பியர் வேண்டும், 9 வோல்டில் 2 ஆம்பியர் போதும். அதே ஒயரில் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. லேப்டாப்புக்கு 20 வோல்டில் 3 ஆம்பியர், அதாவது 60 வாட், இரண்டு மீட்டர் 20 கேஜ் கேபிளில் போனால் விழுவது 0.4 வோல்ட். அறுபதில் ஒரு வாட் சொச்சம். அங்கே நீளத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இல்லை. இன்னும் புதிய போன்களில் பி.பி.எஸ். என்று ஒரு வசதி உண்டு. போன் 20 மில்லிவோல்ட் படிகளில் "இன்னும் கொஞ்சம் ஏற்று" என்று அடாப்டரிடம் கேட்கும், ஒயரில் விழுவதை அப்படியே சரிக்கட்டிக்கொள்ளும். நல்ல அடாப்டர், நல்ல போன் வைத்திருப்பவருக்கு ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் வித்தியாசமே தெரியாமல் போவது இதனால்தான். அடி வாங்குகிறவர் பழைய 5 வோல்ட் அடாப்டரும் சன்ன ஒயரும் வைத்திருக்கிறவர். அவர்தான் வேறு வாங்க வசதி குறைந்தவரும்.

எதிர்த் திசையில் போன கம்பெனிகளும் உண்டு. ஒன்பிளஸ் 3 போன் 2016-ல் 5 வோல்டிலேயே 4 ஆம்பியர் அனுப்பியது. வோல்டேஜைக் குறைவாக வைத்தால் போனுக்குள் சூடு குறைவு என்பது அதன் நியாயம். ஆனால் 4 ஆம்பியருக்கு ஒயரில் செம்பு நிறைய வேண்டும். அதனால்தான் அந்தப் போன்களோடு வந்த கேபிள் அவ்வளவு பருமன், வேறு கேபிள் போட்டால் அந்த வேகம் வராது. தொலைத்துவிட்டு நடைபாதையில் மூன்று மீட்டர் வாங்கினால் சாதாரண வேகம்தான்.

கடையில் எதைப் பார்ப்பது? பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில், அந்தச் சந்துகளுக்குள், தமிழ் பேசும் கடைக்காரர் ஒருவரிடம் நான் எப்போதும் வாங்குவேன். கேபிளை எடுத்ததும் அவர் அதன் வெளியுறையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுவார். நல்ல கம்பெனி ஒயர்கள் பலவற்றில் உறை மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்: 28AWG/1P + 24AWG/2C. முதலில் உள்ளது டேட்டாவுக்கான ஒரு ஜோடி. இரண்டாவது பவருக்கான இரண்டு ஒயர். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண். அது 28 என்றால் ஒரு மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள். 24 என்றால் ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. மூன்று மீட்டர் வேண்டுமென்றால் 20 பக்கம் இருக்க வேண்டும். இது 5 வோல்ட் அடாப்டருக்கான என் கணக்கு. 9 வோல்ட் என்றால் இன்னும் தாராளம்.

அச்சே இல்லாத கேபிள்தான் அதிகம். அப்போது வெளித்தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. நூல் பின்னல் போட்ட கேபிள் கயிறு மாதிரி கனமாகத் தெரியும், அறுத்துப் பார்த்தால் உள்ளே முடி மாதிரி நாலு இழை. போதாததற்கு அந்த இழையும் முழுச் செம்பாக இருக்காது, அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. அலுமினியம் செம்பில் சுமார் 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். அதே கேஜில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். கையில் எடை தெரிகிறதா என்று பாருங்கள். மூன்று மீட்டர் கேபிள் காற்று மாதிரி லேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். "ஃபாஸ்ட் சார்ஜிங்", "65 வாட்" என்று அட்டையில் எழுத யாருக்கும் தடையில்லை.

டைப்-சி தரநிலையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. முழுக் கரண்ட் போகும்போது பாஸிட்டிவ் ஒயரில் 0.5 வோல்டுக்கு மேலும் கிரவுண்ட் ஒயரில் 0.25 வோல்டுக்கு மேலும் விழக் கூடாது. கேபிள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த எல்லைக்குள் நிற்க வேண்டும். அதாவது நீளத்தைக் கூட்டினால் செம்பையும் கூட்டு என்று விதியே சொல்கிறது. கேட்பார் இல்லாததால் நடைபாதைக்கு அது வந்து சேரவில்லை. 2015-16 வாக்கில் கூகுள் எஞ்சினியர் பென்சன் லியுங், இணையத்தில் விற்பனைக்கு வந்த டைப்-சி கேபிள்களைத் தனித்தனியாகச் சோதித்து எழுதினார். 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் பல கேபிள்களில் 10 கிலோ ஓம் இருந்தது. 3 ஆம்பியர் தர முடியாத அடாப்டரையும் அது 3 ஆம்பியர் அடாப்டராகப் போனுக்குக் காட்டிவிடும். ஒயரையே தப்பாக இணைத்திருந்த ஒரு கேபிள் அவர் லேப்டாப்பையே பழுதாக்கியது. ஒரு தனி மனிதர் எழுதியதால் அன்று அவ்வளவு வெளியே வந்தது. செம்பின் கேஜையும் அட்டையில் கட்டாயம் அச்சடிக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். அரிசி மூட்டையில் எடை போடாமல் விற்க விடுகிறோமா?

அப்புறம், பி.ஜி. அறைக்கு நான் சொல்கிற வழி நீளக் கேபிளே இல்லை. நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டது, மூன்று பின் உள்ளது. அந்த ஒயரைக் கட்டில் வரை இழுத்துவிட்டு, அங்கே அடாப்டரைச் செருகி, ஒரு மீட்டர் கேபிளைப் போடுங்கள். 230 வோல்டில் ஒரு 10 வாட் போன் அடாப்டர் இழுக்கும் கரண்ட் 0.1 ஆம்பியர் பக்கம்தான் இருக்கும். மூன்று மீட்டர் அல்ல, முப்பது மீட்டர் ஒயர் போட்டாலும் போனுக்கு வித்தியாசம் தெரியாது. சிவசமுத்திரத்துக்காரர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம்: தூரத்தை அதிக வோல்டேஜில் கடப்பது, குறைந்த வோல்டேஜைக் கடைசிச் சிறு தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது. டெலிவரி அண்ணன் இப்போது அப்படித்தான் செய்கிறார். அறையிலுள்ள மற்ற இருவரும் அதே பாக்ஸில் போட்டுக்கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: அந்த பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியோ வாட்டர் ஹீட்டர் ராடோ போடாதீர்கள். போனுக்குப் போதுமான ஒயர் அதற்குப் போதாமல் போகலாம், உருகிவிடவும் கூடும்.

எல்லா மெதுவுக்கும் கேபிள்மேல் பழி போட வேண்டாம். எண்பது சதவீதத்துக்கு மேல் லித்தியம் பேட்டரி தானாகவே மெதுவாகத்தான் ஏறும், எந்தக் கேபிளானாலும். போன் சூடாக இருந்தால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பின் பழைய செவ்வக யு.எஸ்.பி. வாயில் போட்டால் பல நேரம் அரை ஆம்பியர்தான் கிடைக்கும். 3 ஆம்பியருக்கு மேல் வேண்டிய லேப்டாப்புக்குக் கேபிள் முனைக்குள் இ-மார்க்கர் என்ற சிப் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடாப்டர் 60 வாட்டோடு நின்றுவிடும். அதுவும் நீளத்தால் வருவதல்ல.

கையில் மீட்டர் இல்லாதவர்கள் இப்படிச் சோதிக்கலாம். போன் முப்பது, நாற்பது சதவீதத்தில் இருக்கும்போது ஒரே அடாப்டரில் முதல் கேபிளைப் போட்டுத் திரையை அணைத்து ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு லாக் ஸ்க்ரீனில் "முழுதாக இவ்வளவு நேரம்" என்று காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே அடுத்த கேபிளை மாட்டி அதே மாதிரி பாருங்கள். ஒன்றில் ஒன்றரை மணி நேரம், இன்னொன்றில் ஐந்து மணி நேரம் என்று வந்தால் எந்தக் கேபிளைத் தூக்கிப் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டிலும் ஒன்றரை என்றே வந்தால், அந்த நீளக் கேபிளை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் செம்பு இருக்கிறது.